பின்வருவோன் கடன்

நீர்வழியில் இரு கலங்கள் எதிரெதிரே வரும்போது ஒன்றை மற்றொன்று காண்கிறது. ஒரே திசையில் முன்னும் பின்னுமாகச் செல்லும்போதோ நிலைமை வேறு. பின்வருவது முன்செல்வதைக் காண்கிறது. முன்செல்வது தன் முதுகுக்குப் பின்னால் நிகழ்வதை அறியாது. ஆகவே, முந்திச் செல்லும்போது மோதலைத் தவிர்க்கும் பொறுப்பு யாருடையது? விடை எளிதென நமக்குத் தோன்றலாம். ஆனால், அதைக் கண்டடைய மனிதகுலம் கொடுத்த விலை சிறிதன்று.

அமெரிக்காவின் ஈரி கால்வாய் 1825ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அதன் நீளம் 363 மைல். மேற்பரப்பின் அகலம் 40 அடி. ஆழம் 4 அடி. கரையில் நடந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கயிறு பூட்டிப் படகுகளை இழுத்தன. இழுக்கும் பாதை ஒரு கரையில் மட்டுமே இருந்தது. பின்னே பயணிகள் படகு வந்தால், முன்செல்லும் சரக்குப் படகு எதிர்க்கரையோரம் ஒதுங்கிக் கயிற்றைத் தளர்த்த வேண்டும். கயிறு நீரில் அமிழ, அதன்மீது பயணிகள் படகு மிதந்து கடக்கும். ஆக, அங்கே ஒதுங்கும் கடன் முன்செல்வோனுக்கே உரியதாயிற்று. விரைவுக்கே முதன்மை! நடைவேகத்தில் நகர்ந்த படகுகளுக்கு இவ்வேற்பாடு பொருந்தியிருக்கலாம்.

நீராவி வந்தபின் நிலை மாறியது. 1852 ஜூலை 28 அன்று ஹட்சன் ஆற்றில் 'ஹென்றி கிளே' என்னும் கப்பல் 'ஆர்மீனியா' என்னும் கப்பலோடு போட்டியிட்டு ஓடியது. இடையில் இரண்டும் உரசிக்கொண்டன; பயணிகளின் முறையீடு எடுபடவில்லை. பின்னர் ஹென்றி கிளே தீப்பற்றியது. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். உரிமையாளரும் பணியாளரும் வழக்கில் விடுதலை பெற்றனர். எனினும், மறுமாதமே அமெரிக்கப் பேரவை நீராவிக் கப்பல் சட்டத்தை இயற்றியது. கலங்கள் ஒன்றையொன்று கடக்கும் முறைக்கு விதிகள் வகுக்கும் அதிகாரமும் அச்சட்டத்தால் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது.

1863இல் பிரிட்டன் நடைமுறைப்படுத்திய விதிகள் நேரிய விடையைத் தந்தன: முந்தும் கலமே முந்தப்படும் கலத்துக்கு விலகிச் செல்ல வேண்டும். 1972இல் வகுக்கப்பட்ட அனைத்துலக விதிகளிலும் அக்கொள்கையே நிலைபெற்றது. ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழிகளில், முன்செல்வது இடம்விட வேண்டியிருந்தால், பின்வருவது ஒலியெழுப்பிக் கேட்க வேண்டும். இரண்டு நெடிய ஒலியும் இரண்டு குறிய ஒலியும் எழுந்தால், 'இடப்புறமாக முந்த விரும்புகிறேன்' என்று பொருள். இரண்டு நெடிய ஒலியும் ஒரு குறிய ஒலியும் வலப்புறத்தைக் குறிக்கும். இயலாதெனில் முன்செல்வது ஐந்து குறிய ஒலிகளால் மறுக்கலாம். வலியோன் எளியோனிடம் இசைவு கேட்டு நிற்கும் அழகை இவ்விதியில் நாம் காண்கிறோம்.

ஆயினும், விதி ஏட்டில் மட்டும் இருந்தால் போதுமா? 1989 ஆகஸ்ட் 20 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், லண்டன் தேம்ஸ் ஆற்றில் 'மார்ஷனெஸ்' என்னும் உல்லாசப் படகில் பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருந்தது. பின்னே வந்த 'போபெல்' என்னும் மணல்வாரிக் கப்பல் அதன்மீது மோதியது. மோதிய கப்பலின் சுக்கான் அறை பின்பகுதியில் இருந்தது. முன்னிருந்த கருவிகள் பார்வையை மறைத்தன. இரு கலங்களிலும் போதிய கண்காணிப்பில்லை. 51 உயிர்கள் மறைந்தன. உறவினர்கள் விடாது போராடியதன் விளைவாக 2000இல் முறையான பொதுவிசாரணை தொடங்கியது. 2002இல் தேம்ஸ் ஆற்றில் உயிர்மீட்புப் படகு நிலையங்கள் நிறுவப்பட்டன.

2019 மே 29 அன்று புடாபெஸ்ட் நகரின் மார்கிட் பாலத்தருகே, மழை பொழிந்த இரவில், 135 மீட்டர் நீளமுடைய பயணக் கப்பலொன்று 'ஹப்லேயானி' என்னும் சிறுபடகை முந்துகையில் மோதியது. படகிலிருந்த 35 பேரில் 7 பேரே பிழைத்தனர். 2023இல் நீதிமன்றம் கப்பல் தலைவருக்கு ஐந்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

கயிற்றைத் தளர்த்தச் சொன்ன கால்வாய் வழக்கத்திலிருந்து, விலகும் கடனைப் பின்வருவோன்மீது சுமத்திய விதி வரையிலான இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே: காணும் ஆற்றல் எவனுக்கு உண்டோ, காக்கும் கடனும் அவனுக்கே உரியது. விரைவு உரிமையாகாது, அது பொறுப்பைப் பெருக்குவதேயாகும்.