வெண்கட்டியும் தொழிலாளரும்

சாள்ஸ் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் வெளிவந்தது. விலை 15 சிலிங். அக்காலத்து ஆங்கிலேய விவசாயக் கூலியாளன் ஒரு வாரம் முழுவதும் உழைத்தும் அத்தொகையை ஈட்டுதல் அரிது. உயிர்கள் யாவும் ஒரே குடும்பத்தின் கிளைகள் என்று கூறிய நூல், மக்களுட் பெரும்பாலார்க்கு எட்டாத விலையில் விற்கப்பட்டது.

இவ்விடைவெளியைக் குறைக்க முன்வந்தவர்களுள் தலையாயவர் தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. பள்ளியாசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தும், அவர் பள்ளியிற் கற்றது ஏறக்குறைய இரண்டாண்டுகளே. பின்னர் இலண்டன் சுரங்கக் கல்லூரியிற் பேராசிரியரான அவர், 1855 முதல் தொழிலாளர்க்கெனவே விரிவுரைகள் நிகழ்த்தினார்.

1862இன் இறுதியில் அவர் ஆற்றிய ஆறு விரிவுரைகள் கூர்ப்புக் கொள்கையை விளக்கின. மாடப்புறாவின் வழியிலிருந்து, வளர்ப்போரின் தேர்வினால், விசிறிவாற் புறா முதலிய பல வகைகள் தோன்றியதை எடுத்துக்காட்டினார். ஆயினும், அவ்வாறு தோன்றிய வகைகள் தம்முட் கலக்கும்போது, வேற்றினங்களின் கலப்பிற் காணப்படும் மலட்டுத்தன்மை உண்டாவதில்லை என்னும் இடர்ப்பாட்டையும் அவர் மறைக்கவில்லை. தொழிலாளர்க்கு இவ்வளவு போதும் என்று அவர் கருதவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

1868இல் நோர்விச் நகரத் தொழிலாளர் முன் அவர் எடுத்துக்கொண்ட பொருள், தச்சரின் கையிலிருக்கும் வெண்கட்டித் துண்டு. அதனை மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியில் நோக்கினால் நுண்ணுயிர்களின் ஓடுகள் தென்படும். அத்தகைய ஓடுகளே அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடிச்சேற்றிலும் கிடைத்தன. தந்திக் கம்பி பதிப்பதற்காக 1857இல் ஆழம் அளந்த கப்பல் அச்சேற்றைக் கொணர்ந்தது. ஆகவே, நோர்விச்சின் கீழுள்ள வெண்பாறை ஒருகாலத்திற் கடலடியாக இருந்தது. அப்பாறைக்கு மேல், அயற் கரையோரத்திற் புதைந்த காடும் யானை எலும்புகளும் காணப்பட்டன. கடல் நிலமாயிற்று; நிலத்தின் உயிர்களும் மாறின. நீண்ட காலத்தின் வரலாறு இவ்வாறு ஒரு துண்டு வெண்கட்டியிலிருந்து விரிந்தது.

ஹக்ஸ்லியிடம் குறையில்லை என்று நாம் கூறவில்லை. அமெரிக்க அடிமைகளின் விடுதலையை வரவேற்று 1865இல் எழுதிய கட்டுரையிலேயே, கறுப்பு மக்கள் அறிவாற்றலில் வெள்ளையருக்கு நிகராகார் என்றும் அவர் எழுதினார். சான்று கேட்குமாறு பிறர்க்குக் கற்பித்தவர், தம் காலத்து ஆதிக்க வர்க்கத்தின் தப்பெண்ணத்திடம் சான்று கேட்கத் தவறினார். பிற்கால உயிரியல் அக்கூற்றுக்கு ஆதாரமில்லை என்று காட்டிவிட்டது.

இங்கேதான் மக்களுக்கு விஞ்ஞானம் எழுதுவதன் உண்மைப் பயன் விளங்குகின்றது. முடிவுகளை மட்டும் எளிமையாக்கி வழங்கினால், ஒரு நம்பிக்கையின் இடத்தில் இன்னொரு நம்பிக்கையை வைத்தவர்களாவோம். முடிவுக்கு வந்த வழியையும் காட்டினால், அவ்வழியே சென்று ஆசானையும் திருத்தும் ஆற்றலை மக்கள் பெறுவர். வகுப்பறையில் நாள்தோறும் வெண்கட்டி பிடிக்கும் நாம் இதனை மறத்தலாகாது.