கில்ட் பூங்காவின் தூண்கள்



ஸ்காபரோவில் இருப்பவர்கள் பலர் கில்ட் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். கலியாணப் படம் எடுக்க நம்மவர்கள் வரிசையில் நிற்கும் இடம் அது. சில வருடங்களுக்கு முன் ஊரிலிருந்து வந்த மாமி ஒருவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். புல்வெளியில் தனியே நிற்கும் தூண்களையும், சுவரில்லாத வாசல்களையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, இங்கயும் சண்டை நடந்ததோ?"

இல்லை மாமி, இவை வங்கிகளும் அலுவலகங்களும் என்றேன். அவர் நம்பவில்லை. இன்றைய பேச்சு அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

1932இல் றோசா கிளார்க்கும் அவர் கணவர் ஸ்பென்சர் கிளார்க்கும் ஒன்ராறியோ ஏரிக்கரைக் குன்றின் மேல் இருந்த இந்த இடத்தில் கலைஞர்களுக்கான ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம். நெசவாளர், குயவர், தச்சர், சிற்பிகள் எனப் பலருக்கும் அங்கே பட்டறை கிடைத்தது. பார்க்க வந்தவர்கள் தங்கிப்போக ஒரு விடுதியும் வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரொறன்ரோவுக்குப் பணம் வந்தது. பணம் வந்ததும் நகரின் மையத்தில் இருந்த பழைய கல் கட்டடங்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. அவற்றைத் தடுக்கச் சட்டமில்லை. ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டம் 1975இல்தான் வந்தது. ஸ்பென்சர் கிளார்க்கால் இடிப்பை நிறுத்த முடியவில்லை. முடிந்ததைச் செய்தார். இடிந்த கட்டடங்களின் துண்டுகளைப் பெற்றுத் தன் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். இப்படிச் சுமார் 60 கட்டடங்களின் மிச்சம் அங்கே சேர்ந்தது.

அவற்றில் பெரியது ரொறன்ரோ வங்கியின் தலைமையகம். கிங் வீதியும் பே வீதியும் சந்திக்கும் இடத்தில் 1913 அளவில் எழுந்த சலவைக்கல் மாளிகை. 1966இல் அதை இடித்துவிட்டு, மீஸ் வான் டெர் றோ வடிவமைத்த கறுப்புக் கோபுரங்களைக் கட்டினார்கள். 16 வருடங்கள் கழித்து, 1982இல், கட்டடக் கலைஞர் றொன் தொம் அந்த வங்கியின் தூண்களையும் வளைவுகளையும் சேர்த்து ஒரு திறந்தவெளி நாடக மேடையாக்கினார். இன்று நம் மணமக்கள் நின்று படமெடுப்பது அந்த மேடையில்தான்.

இந்த வங்கியை வடிவமைத்த கரேர், ஹேஸ்டிங்ஸ் நிறுவனத்தார்தான் நியூயோர்க் பொது நூலகத்தின் தலைமைக் கட்டடத்தையும் வடிவமைத்தவர்கள். 1911இல் திறந்த அந்த நூலகம் இன்றும் நிற்கிறது. நூலகம் என்றதும் உங்கள் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ரொறன்ரோவில் இந்த மேடை எழுவதற்கு முந்தைய வருடம், 1981 மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின.

எரிந்த கட்டடத்தை நினைவுச் சின்னமாக விட்டுவைக்க வேண்டும் என்ற குரலும் அன்று இருந்தது. கடைசியில் பழைய வடிவத்திலேயே வெள்ளையாகத் திருத்தி, 2000க்குப் பிறகு திறந்தார்கள். பிள்ளைகள் படிக்க ஒரு நூலகம் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இன்று அதன் படியேறும் ஒரு சிறுவனுக்கு அங்கே தீ வைத்தார்கள் என்று அந்தச் சுவர் சொல்லாது.

கில்ட் பூங்காவின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே கல் மிஞ்சியது, கட்டடம் போய்விட்டது. ஆனாலும் ஒரு குறை இரண்டுக்கும் பொது: சொல்ல ஆளில்லாவிட்டால் கல்லும் பேசாது. மாமி அந்தத் தூண்களில் போரைப் பார்த்தார். நம் பிள்ளைகள் படத்துக்கு ஏற்ற பின்னணியைப் பார்க்கிறார்கள். பெயர்ப் பலகையைப் படிக்காதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

திரும்பி வரும்போது காரில் மாமி சொன்னார்: "நான் அந்த லைப்ரரியில படிச்ச பிள்ளை. முன்னுக்குச் சரஸ்வதி சிலை. உள்ளுக்குக் கதைக்கேலாது. நாங்கள் கண்ணாலதான் கதைப்பம்." அவருக்கு இன்னும் நிறைய நினைவிருந்தது. நான் ஒன்றையும் பதிவு செய்யவில்லை. அடுத்த வருடம் ஊரில் அவர் காலமானார்.

1981க்கு முன் அந்த நூலகத்தில் இருந்து வாசித்தவர்கள் பலர் இந்த ஸ்காபரோவிலேயே இருக்கிறார்கள். இன்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலரும் இருக்கலாம். கிளார்க் காத்திருந்து சேர்த்தவை கற்கள். அவற்றை 16 வருடம் புல்லில் கிடத்தி வைக்கலாம். நாம் சேர்க்க வேண்டியவற்றை அப்படி வைத்திருக்க முடியாது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்தக் கூட்டம் முடிந்ததும் கைப்பேசியை எடுத்து அவரிடம் போங்கள்.