களைக்கருவி வந்த கதை

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்னு கூட்டமைப்புக் கூட்டத்தில் கேட்டாங்க. ராஜா கதை எனக்குத் தெரியாது, களை எடுத்த கதைதான் தெரியும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டு அதையே எழுதச் சொல்லிட்டாங்க.

நம்ம சங்கரன்கோவில் பக்கம் கரிசல் காடு. உளுந்து, மக்காச்சோளம், பருத்தி எல்லாமே மழையை நம்பித்தான். ஐப்பசியில் மழை விழுந்ததும் பயிருக்கு முன்னாடி களை எட்டிப் பார்க்கும். எங்க அம்மா கையில் இருந்தது ஒரே ஒரு களைக்கொத்து. பிடி ஒரு முழம்கூட இருக்காது. காலையில் குனிஞ்சா மதியக் கஞ்சிக்குத்தான் நிமிர்வாங்க. "ஆம்பளைங்க மம்பட்டிக்கு நீளக் கணை இருக்கே, இதுக்கு ஏன் இல்லை?" என்று சின்ன வயசில் கேட்டேன். "எங்கம்மா காலத்திலேயும் இப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லி முடிச்சிட்டாங்க.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா பண்ணைகளில் மெக்சிகோ கூலி ஆட்களுக்கும் குட்டைப் பிடிக் கொத்துதான் கொடுத்தாங்க. நீளப் பிடி கொடுத்தா பயிரை வெட்டிருவாங்கன்னு முதலாளிமார் சொன்னாங்க. குட்டைப் பிடியில் இன்னொரு வசதியும் அவங்களுக்கு உண்டு: யார் நிமிர்ந்து நிக்கிறாங்கன்னு தூரத்திலேயே தெரிஞ்சிரும். முதுகெலும்பு தேய்ஞ்சு போகுதுன்னு டாக்டர்கள் சொன்னாங்க, வழக்கு நடந்தது, 1975-இல் அந்தக் கொத்துக்குத் தடை வந்துச்சு. அதனால் அங்கே விவசாயம் ஒண்ணும் நின்னு போகலை.

நின்னுக்கிட்டே தள்ளுகிற சக்கரக் கருவி அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்தாச்சு. ஜப்பானில் நகாய் தாய்ச்சிரோ என்ற விவசாயி 1892-இல் நெல் வயலுக்கு ஒன்று செய்தார். நம்ம நாட்டில் 1953-இல் ஜப்பான் முறை நெல் சாகுபடியை அரசாங்கம் பரப்பியபோது இந்த மாதிரிக் கருவியும் வந்தது. ஆனா சக்கரம் ஓடணும்னா கயிறு பிடிச்சு வரிசையா நடணும். பல ஊரில் கலைச்சு நடுகிற பழக்கம் மாறலை. வரிசை இல்லாத வயலில் அந்தக் கருவிக்கு என்ன வேலை?

வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தது ஒற்றை நாற்று நடவு. மடகாஸ்கர் தீவில் ஆன்ரி தெ லோலானியே என்ற பாதிரியார் 1983 வாக்கில் கண்ட முறை அது. 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமா நட்டால் இரண்டு பக்கமும் கருவி ஓட்டலாம். அதுக்கு நம்ம ஊரில் கோனோவீடர் வந்தது. கூம்பு மாதிரி இரண்டு உருளை, முன்னாடி சேற்றில் புதையாமல் இருக்க ஒரு மிதவை. களையைச் சேற்றுக்குள்ளேயே அமுக்கி உரமாக்கிரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04 காலத்தில் தாமிரபரணிப் பாசனத்தில் 100 விவசாயிகள் வயலில் இந்த முறையைச் சோதிச்சுப் பார்த்தது. எக்டேருக்குச் சராசரி 5,657 கிலோ விளைஞ்ச இடத்தில் 7,227 கிலோ கிடைச்சது.

எனக்கு இடிக்கிற இடம் ஒண்ணு உண்டு. கையால் களை எடுத்த வரைக்கும் அது பொம்பளை வேலை. கருவி வந்ததும் பல ஊரில் ஆம்பளை வேலையாயிருச்சு. முதுகுவலி போச்சு, கூடவே கூலியும் போச்சு.

நம்ம மானாவாரிக் காட்டுக்குச் சேறு கிடையாது, கோனோவீடர் உதவாது. இதுக்குன்னு பல்கலைக்கழகம் வேற கருவி செய்திருக்கு. நீளக் கைப்பிடி, முன்னாடி நட்சத்திரம் மாதிரி பல் வெட்டின சக்கரம், பின்னாடி ஒரு பிளேடு. முன்னும் பின்னும் தள்ளி இழுத்தா சக்கரம் மண்ணைக் கிளறும், பிளேடு வேரை அறுக்கும். எங்க குழு கடன் வாங்கி இந்த மாதிரி இரண்டு வாங்கினோம். முதல் நாள் மழை விட்ட உடனேயே எடுத்துட்டுப் போயிட்டோம். கரிசல் மண் சக்கரம் முழுக்க அப்பிக்கிட்டு நகரவே இல்லை. இரண்டு நாள் விட்டு, மண் பதமானதும்தான் ஓடிச்சு. எறிஞ்சு விதைச்ச உளுந்தில் ஓடாது, வரிசை விதைப்பு வேணும். செடிக்கும் செடிக்கும் நடுவில் உள்ள களைக்கு இன்னும் கைதான். கைப்பிடி எங்களுக்கு உசரமா இருந்துச்சு, பட்டறை ஆசாரி கொஞ்சம் குறைச்சுக் கொடுத்தார்.

ஏக்கருக்குப் பத்து ஆள் இறங்கின காட்டில் ஆறு ஏழு பேர் போதும்னு ஆச்சு. மிச்சம் மூணு பேர் யாருன்னு குழுவில் பெரிய சண்டை. ஒரு காட்டுக்காரர் கருவியை மட்டும் வாடகைக்குக் கேட்டார், அவர் ஆளை வெச்சே தள்ளிக்கிடுவாராம். "மெஷினை மட்டும் கொடுத்துட்டு நாம வாயைப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" என்று வயசான அத்தை ஒருத்தங்க கேட்டதும் எல்லாரும் அடங்கிட்டோம். அன்னைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம்: கருவி தனியாப் போகாது, நம்ம ஆளோடதான் போகும், நாள் கூலி இல்லை, ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி, வந்ததைக் குழுவில் எல்லாரும் முறை வெச்சுப் பிரிச்சுக்கிடணும்.

அந்தக் காட்டுக்காரர் அந்த வருஷம் எங்களைக் கூப்பிடலை. அடுத்த வருஷம் கூப்பிட்டார்.