குறைந்தால் நல்ல மார்க்

கப்பலூர் நாற்கரச் சாலை விபத்தில் என் பழைய மாணவன் ஒருவனின் கால் நசுங்கியது. "காலை எடுத்துத்தான் ஆகணுமா சார்?" என்றார் அவன் அப்பா. எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

1990-இல் அமெரிக்காவில் வந்த 'மெஸ்' மதிப்பெண் முறை ரத்த ஓட்டத்துக்கு அதிக இடம் கொடுத்தது. ரத்தக்குழாய் தப்பி, எலும்பும் தசையும் சிதைந்த கால்களுக்கு அது போதவில்லை. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் தோல், எலும்பு, தசை, உடலின் மற்ற நோய்கள் என்று தனித்தனியாக மார்க் போட்டு, 2006-இல் புது முறையை வெளியிட்டார்கள். 14 வரை காலைக் காப்பாற்றலாம். 17-உம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் அகற்ற நேரும். இடைப்பட்டது டாக்டரின் அனுபவத்தைப் பொறுத்தது.

அன்றே தெரிந்திருந்தால் அந்த அப்பாவிடம், "எத்தனை மார்க் என்று டாக்டரிடம் கேளுங்கள்" என்று சொல்லியிருப்பேன்.