பழைய மாணவிகள்

கான்வென்ட் என்ற சொல் தமிழில் தன் பொருளை இழந்து வெகுகாலமாகிறது. கன்னியர் கூடி வாழும் மடம் என்பதுதான் அதன் பொருள். வண்ணாரப்பேட்டையில், எம்.ஸி. ரோட்டு ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் பிரியும் தெருக்களில், மாடிவீட்டில் எல்.கே.ஜி. நடத்துகிற எவரும் கான்வென்ட் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம். அதற்குக் கன்னியாஸ்திரீ ஒருவர்கூட வேண்டியதில்லை, ஆங்கிலம் இருந்தால் போதும். கல்யாண விளம்பரங்களில் ‘கான்வென்ட் படிப்பு’ என்பது நிறம், உயரம் போலப் பெண்ணின் லட்சணங்களில் ஒன்று. ஒரு சொல் இப்படித் தேய்வதில் தற்செயல் ஏதும் இல்லை. அந்த ஸ்தாபனத்தில் இந்த ஊர் எதைப் பார்த்ததோ அதுதான் சொல்லில் மிஞ்சியிருக்கிறது. ஆகவே பழைய மாணவிகள் கூடித் தங்கள் கான்வென்டைக் கொண்டாடும்போதும், அதன் கட்டடத்தைக் காப்பாற்றப் பணம் திரட்டும்போதும், அவர்கள் மனதில் இருப்பது எந்தக் கான்வென்ட் என்பது சரித்திரக் கேள்வியாகிறது.

பேட்டையிலிருந்து தெற்கே நடக்கிற தூரத்தில் ஜார்ஜ் டவுன் இருக்கிறது. அது கறுப்பர் பட்டணம் என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1842 ஜனவரி 14ந் தேதி, அயர்லாந்திலிருந்து பிரஸன்டேஷன் சபைக் கன்னியர் சிலர் மதர் பிரான்ஸிஸ் ஸேவியர் கரன் தலைமையில் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். இந்தியாவில் அந்தச் சபையின் முதல் மடம் இங்கேதான் உருவாயிற்று. ஸூயஸ் கால்வாய் திறக்க இன்னும் இருபத்தேழு வருஷங்கள் இருந்தன. சென்னைக்குத் துறைமுகமும் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆட்களை இறக்கிவரும். இங்கே வந்து இறங்கியவர் கவர்னரானாலும் கன்னியாஸ்திரீயானாலும் முதலில் தன் உயிரை ஒப்படைத்தது இந்தக் கரையின் படகுக்காரர்களிடம்தான். அந்தப் படகுக்காரர்களுடைய பெண் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய எத்தனை காலம் ஆயிற்று என்பது இந்தச் சரித்திரத்தின் மறுபக்கம்.

பிரஸன்டேஷன் சபையைத் தோற்றுவித்தவர் நேனோ நேகிள் என்ற பெண்மணி. 1718இல் பிறந்தவர். அன்றைய அயர்லாந்தில் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவது சட்டப்படி குற்றம். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைப்பதும் குற்றம். வசதியுள்ள குடும்பமானதால் நேகிளை பிரான்ஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். திரும்பி வந்தவர் 1750களில் கார்க் நகரத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு ரகசியமாகப் பள்ளி தொடங்கினார். பகலில் பள்ளி, இரவில் கையில் விளக்கோடு சந்துகளில் நோயாளிகளைத் தேடிப் போவது, இதுதான் அவர் வாழ்க்கை. 1775இல் சபை ஏற்பட்டது. 1784இல் அவர் இறந்தார். இன்றும் பிரஸன்டேஷன் பள்ளிகளில் அந்த விளக்குதான் சின்னம்.

இந்தப் பின்னணியோடு 1842ஐப் பார்த்தால் ஒரு முரண் தெரிகிறது. சட்டத்துக்கு ஒளிந்து பிறந்த பள்ளி, சென்னையில் அதே சட்டத்தை எழுதிய ராஜ்யத்தின் நிழலில் வந்து உட்கார்ந்தது. கும்பெனியின் பட்டாளத்தில் ஐரிஷ் சிப்பாய்கள் ஏராளம். அவர்கள் காலராவிலும் சண்டையிலும் செத்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் அநாதைகளாக நின்றார்கள். சென்னையின் கத்தோலிக்க மேற்றிராணியாராக வந்த ஜான் ஃபென்னெல்லியும் ஐரிஷ்காரர். கன்னியரின் தேவை எழுந்தது இந்தச் சூழ்நிலையில்தான். அவர்கள் சொந்த ஊரில் ஐரிஷ் மொழி ஆங்கிலத்திடம் தோற்றுக்கொண்டிருந்த காலம் அது. மொழியை இழந்துகொண்டிருந்த ஒரு ஜனத்தின் பெண்கள், தங்களை ஜெயித்த மொழியை இங்கே கற்றுக்கொடுத்தார்கள். இதில் அவர்களைக் குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஆனால் ‘கான்வென்ட் இங்கிலீஷ்’ என்று நாம் சொக்கிப் பேசுகிற சரக்கு எந்தக் காயத்திலிருந்து வந்தது என்ற பிரக்ஞை நமக்கு இருப்பது நல்லது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கான்வென்ட்கள் பலவற்றுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று சம்பளம் கட்டிப் படிக்கிறவர்களுக்கு. மற்றது ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும். முன்வாசலில் வாங்கிய பணம் பின்வாசலுக்குச் செலவாகும் என்பது ஏற்பாடு. ஏற்பாட்டின் நோக்கம் உயர்ந்ததுதான். நடைமுறையில் மதிப்பெல்லாம் முன்வாசலுக்குப் போய்விட்டது. பியானோ, நாடகம், உச்சரிப்பு, தோட்டம் என்று பழைய மாணவிகளின் ஞாபகங்களில் வருவதெல்லாம் முன்வாசல் சமாசாரம். பின்வாசலில் தையலும் எழுத்தும் கற்று வெளியேறியவர்களுக்கு ஆண்டுமலர் கிடையாது, மாணவியர் சங்கமும் கிடையாது. பழைய மாணவி என்பதே ஒரு வர்க்கத்தின் பட்டமாகிவிட்டது. 1909இல் மவுண்ட் ரோட்டில் சர்ச் பார்க் கான்வென்டும் ஏற்பட்டது. இன்று பிரஸன்டேஷன் என்றால் ஊருக்கு ஞாபகம் வருவது அதுதான். சபையின் முதல் மடம் இருந்த ஜார்ஜ் டவுன், மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில், பேச்சில் அடிபடுவதில்லை.

இந்தக் கன்னியரின் பழைய மாணவிகளில் மிகப் பெரியவர் என்று எனக்குப் படுகிறவர் ஆர்.எஸ். சுப்பலட்சுமி. 1886இல் பிறந்தவர். பதினோரு வயதளவில் கல்யாணம், உடனேயே வைதவ்யம். அவருடைய தகப்பனார் ஊர்ப்பேச்சைப் பொருட்படுத்தாமல் பெண்ணைப் படிக்க வைத்தார். எழும்பூரில் பிரஸன்டேஷன் கன்னியரிடம் படித்து, பிறகு பிரஸிடென்ஸி கல்லூரியில் 1911இல் பட்டம் பெற்றார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து விதவை அவர். கன்னியர் அவரை மதம் மாற்றவில்லை, அவரும் மாறவில்லை. ஆனால் கடைசிவரை அவரை ஊர் ‘சிஸ்டர்’ என்றே அழைத்தது. குடும்பத்துக்கு வெளியே, புருஷனோ பிள்ளையோ இல்லாமல், ஒரு பெண் வேலையோடும் மரியாதையோடும் வாழ முடியும் என்பதற்கு அன்றைய பிராமண வீட்டில் உதாரணம் கிடையாது. கான்வென்டில் அந்த உதாரணம் கண்ணெதிரே நடமாடியது. பாடங்களைவிட அவர் எடுத்துக்கொண்டது இதைத்தான். 1912இல் சாரதா மாதர் சங்கத்தைத் தொடங்கினார். இளம் விதவைகளைச் சேர்த்து விடுதி வைத்தார். அந்த விடுதி பின்னால் கடற்கரையில் ஐஸ் ஹவுஸில் நடந்தது. அங்கிருந்த பெண்கள் பக்கத்திலேயே, 1914இல் டாரதி டி லா ஹே முதல்வராகத் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரிக்குப் படிக்கப் போனார்கள்.

ஒரு கான்வென்டின் சாரத்தைத் தூக்கி இன்னொரு ஜனத்தின் வீட்டில் வைத்த காரியம் இது. பள்ளிக்கு ஒரு பழைய மாணவி செய்யக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. இதற்கும் எல்லை உண்டு. அந்த விடுதி பிராமண விதவைகளுக்கானது. அதைச் சொல்லாமல் விட்டால் நாமும் மலர் தயாரிக்கிறவர்களாகிவிடுவோம். பின்னாளில் அதே சுப்பலட்சுமி மெரினா குப்பத்து மீனவக் குடும்பங்களுக்கும் பள்ளி ஏற்படுத்தினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருக்குக் கதவு ஒவ்வொன்றாகத்தான் திறந்திருக்கிறது.

ராணி மேரிக் கல்லூரியின் பெயர் 2003இல் மறுபடி அடிபட்டது. அந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. மாணவிகள் வகுப்பைவிட்டு வளாகத்திலேயே உட்கார்ந்தார்கள். பழைய மாணவிகள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா சர்ச் பார்க் கான்வென்டின் பழைய மாணவி. அந்தப் பள்ளியில் படித்த நாட்களைப் பிரியத்தோடு பேசியவர். தன் பள்ளியின் மேல் ஒருவருக்கு இருக்கும் பிரியம், பெண்களின் பள்ளி என்ற பொது விஷயத்தின் மேல் அக்கறையாக மாறிவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஞாபகம் தனிச் சொத்தாகவே தங்கிவிடலாம். அன்று கடற்கரையில் உட்கார்ந்த பெண்கள் அதைத் தனிச் சொத்தாக வைத்திருக்கவில்லை. முன்னறையின் தூண்களுக்காக அவர்கள் சண்டை போடவில்லை. வெளியூர்ப் பெண்கள் தங்கிப் படிக்க, நகரத்தின் நல்ல இடமொன்றில், அரசாங்கச் செலவில் ஒரு வளாகம் இருக்க வேண்டும் என்பதற்காகப் போட்டார்கள்.

கட்டடத்தைக் காப்பாற்றுவதும் பள்ளியைக் காப்பாற்றுவதும் வேறு வேறு என்பதற்குக் கடலுக்கு அப்பால் தெளிவான சாட்சியங்கள் உண்டு. சிங்கப்பூருக்கு 1854இல் குழந்தை யேசு சபைக் கன்னியர் மதர் மத்தில்த் ராக்லோ தலைமையில் வந்தார்கள். விக்டோரியா தெருவில் அவர்கள் நடத்திய கான்வென்டின் ஒரு வாசலில் ஏழைகள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போவார்கள். கன்னியர் எடுத்து வளர்ப்பார்கள். 1983இல் பள்ளி அங்கிருந்து வெளியேறியது. கட்டடங்கள் பழுதுபார்க்கப்பட்டு 1996இல் திறந்தன. இன்று அங்கே ஹோட்டல்களும் மதுக்கடைகளும் இருக்கின்றன. சுவர், ஜன்னல், தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி எல்லாம் பத்திரம். குழந்தைகளை விட்டுப்போன வாசலும் பத்திரம். காணாமற்போனது பள்ளி மட்டும்தான்.

அதே சபை இன்னொரு ஜார்ஜ் டவுனில், பினாங்கில், 1852இல் தொடங்கிய பள்ளி லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட். இரண்டாம் யுத்தத்தில் ஜப்பானியர் பிடித்துவைத்த அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் சிப்பாய்கள் அதன் சுவரில் கீறிய பெயர்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பள்ளியிலோ 2018 முதல் புதிய மாணவிகளைச் சேர்ப்பது நின்றுபோயிற்று. கோலாலம்பூரில் கதை வேறு மாதிரி. 1899இல் ஏற்பட்ட புக்கிட் நானாஸ் கான்வென்டின் நிலக் குத்தகையைப் புதுப்பிக்க அதிகாரிகள் மறுத்தபோது, கன்னியர் கோர்ட்டுக்குப் போனார்கள். தமிழ், சீன, மலாய் வீட்டுப் பெண்கள் ஒன்றாகப் படித்த பள்ளி அது. பழைய மாணவிகள் குரல் எழுப்பினார்கள். 2021இல் குத்தகை அறுபது வருஷங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. அங்கே காப்பாற்றப்பட்டது ஓடும் செங்கல்லும் அல்ல, நாளைக்கு மணி அடித்தால் உள்ளே வரும் பெண்களின் உரிமை.

வடசென்னைக்கு இந்தப் பேதம் பழக்கமானதுதான். ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம். அதன் தூண்களைக் காக்க வேண்டும் என்று பலர் பாடுபட்டார்கள், நிலையம் பழுதுபார்க்கப்பட்டது. கூட்டம் எப்போதோ சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் போய்விட்டது. ரயில் நிலையத்துக்கு இது பெரிய நஷ்டமில்லை. பள்ளிக்கூடம் அப்படியல்ல. நகரத்தின் பணம் தெற்கே நகர நகர, ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் உள்ள கன்னியர் பள்ளிகளில் முன்வாசல், பின்வாசல் என்ற பேதமே மங்கிவிட்டது. வசதியுள்ளவர்கள் போய்விட்டார்கள். மீன்பிடித் துறைமுகத்திலும் மூட்டைக் கிடங்கிலும் வேலை செய்கிறவர்களுடைய பெண்கள் முன்வாசல் வழியாகவே வருகிறார்கள். நேகிள் எதற்காகச் சந்துகளில் விளக்கோடு அலைந்தாரோ, அந்தப் பள்ளி இப்போதுதான் நடக்கிறது. தரம் போய்விட்டது என்று பழைய மாணவிகள் சிலர் அங்கலாய்ப்பது இந்தக் கட்டத்தில்தான் என்பது வேடிக்கை.

பணம் தருகிறவர்களுக்கு ஒரு யோசனை உண்டு. லெட்ஜர் எழுதிப் பிழைக்கிறவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பழைய பள்ளியிலும் முகப்புக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்குமுன் காப்பாற்ற வேண்டியது சேர்க்கைப் பதிவேடுகளை. பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், தொழில், சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம். நூறு வருஷத்துக் கட்டங்களை வரிசையாக வாசித்தால் எந்த ஆண்டுமலரும் சொல்லாத சரித்திரம் கிடைக்கும். தொழில் என்ற கட்டத்தில் முதல் தடவையாகக் கூலி என்றோ, படகு என்றோ, சலவை என்றோ எழுதப்பட்ட வருஷம் எது? நீங்கிய காரணம் என்ற கட்டத்தில் கல்யாணம் என்பது எந்த வருஷத்திலிருந்து குறைகிறது? பெரிய மனிதர்களின் பெயர்கள் எப்படியும் மிஞ்சும். ஏழாவதோடு நின்றவளின் பெயர் இருக்கிற ஒரே இடம் அந்தக் காகிதம். அதைத்தான் கரையான் முதலில் தின்னும்.

சென்னையில் அந்தக் கன்னியர் வந்திறங்கி 2042இல் இருநூறு வருஷங்கள் நிறையும். விழா நடக்கும், மலர் வரும். அதில் பின்வாசலில் வந்தவர்களின் பெயர்களுக்கும் இரண்டு பக்கம் கிடைத்தால், பழைய மாணவிகள் என்ற சொல்லாவது தன் பொருளை அடையும்.