தொலையச்சு முதல் முனையம் வரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கொழும்பில் பத்திரிகைப் பணியில் சேர்ந்தபோது, ஆசிரியபீடத்தின் மூலையில் டெலிபிரின்டர் இயந்திரம் ஒன்று இரவு பகலாகக் கடகடத்துக்கொண்டிருக்கும். காகிதச் சுருளில் வந்து விழும் வெளிநாட்டுச் செய்திகளைக் கிழித்தெடுத்து மொழிபெயர்ப்போம். அவ்வியந்திரங்கள் மறைந்துவிட்டன. ஆனால் அவற்றின் பெயர் கணினிக்குள் இன்றும் வாழ்கிறது. லினக்ஸ் கணினியில் முனையத்தைக் குறிக்கும் 'டிடிவை' என்ற சொல், டெலிடைப் என்பதன் சுருக்கமே.

1963இல் வெளிவந்த டெலிடைப் மாதிரி 33, விநாடிக்குப் பத்து எழுத்துகளை அச்சிட்டது. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கியபோது, கணினியோடு உரையாட உதவியவை இத்தகைய இயந்திரங்களே. பின்னர் காகிதத்தின் இடத்தைத் திரை பிடித்துக்கொண்டது. 1978இல் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட விடி100 முனையம் 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்டது. அந்த எண்பதின் வேர், ஐபிஎம் நிறுவனம் 1928இல் அறிமுகப்படுத்திய 80 நிரல் துளை அட்டையில் இருப்பதாகவே கருதப்படுகிறது.

சுட்டியை நகர்த்தவும் திரையை அழிக்கவும் விடி100 பின்பற்றிய கட்டளைக் குறியீடுகள் பொது நியமமாகின. ஏனைய நிறுவனங்களும் அதையே பின்பற்றின. 1984இல் மார்க் வாண்டவூர்டே என்ற மாணவர் எக்ஸ்டேர்ம் மென்பொருளை எழுதத் தொடங்கினார். 1996 முதல் தோமஸ் டிக்கி அதைப் பராமரித்து வருகிறார். விண்டோஸ் பயனர்களுக்கு சைமன் டாதமின் புட்டி 1999இல் கிடைத்தது. மைக்ரோசொப்ட் தனது புதிய விண்டோஸ் டெர்மினலை 2019இல் அறிவித்தது. இவையனைத்தும் இல்லாத ஓர் இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள்களே.

இந்த வரலாறு நமக்கு எதற்கு என வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், தொலைவிலுள்ள சேவையகத்தில் இருந்த மரண அறிவித்தல் ஒன்றை முனையத்தின் ஊடாகத் திருத்தினேன். சுட்டி ஓரெழுத்தின் மீது நின்றது. அழிந்ததோ அடுத்த எழுத்து. நான் கவனிக்கவில்லை. அமரரின் பெயர் பிழையாகவே வெளியாயிற்று. மறுநாள் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

பிழை என் கவனக்குறைவு மட்டுமன்று. முனையம் திரையைச் சமமான கட்டங்களாகப் பிரிக்கிறது. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு கட்டம் போதும். தமிழில் 'க்' என்பதற்கு வழமையான கணக்கில் ஒரு கட்டம். 'கொ' என்பதற்கு இரண்டு. ஆனால் 'கொ' கண்ணுக்கு மூன்று உறுப்புகளாகத் தெரிகிறது. மென்பொருள் எண்ணுவதும் எழுத்துரு வரைவதும் பொருந்தாதபோது சுட்டி வழி தவறுகிறது. தட்டச்சு முறைக்கு அமைந்த கட்டத்துக்குள் உயிர்மெய்யைத் திணிப்பதால் வரும் வினை இது.

ஆகவே முனையத்தைத் தெரிவுசெய்பவர் வேகத்தையும் வண்ண அழகையும் மட்டும் பார்க்கலாகாது. 'கொழும்பு', 'யாழ்ப்பாணம்', 'மட்டக்களப்பு' எனத் தட்டச்சிட்டு, சுட்டியை முன்னும் பின்னும் நகர்த்தி, ஓரெழுத்தை அழித்துப் பாருங்கள். தமிழ் எழுத்துருவைத் தனியாகக் குறிப்பிட இடமுண்டா என அமைப்புகளில் தேடுங்கள். ஜப்பானில் உருவான எம்எல்டேர்ம் இந்திய எழுத்துகளுக்கும் இடமளிக்கிறது. 2024 டிசம்பரில் வெளிவந்த கோஸ்ட்டி, எழுத்துத் தொகுதியை ஓரலகாக எண்ணும் முறையைக் கைக்கொள்கிறது.

நான் இப்போது முனையத்தில் கோப்புகளைத் தேடவும் நகர்த்தவும் மட்டுமே செய்கிறேன். எழுத்துகள் பெரிதாகவும் பின்னணி வெளிறியும் இருக்குமாறு அமைத்துள்ளேன். பெயர்களைத் திருத்துவதானால், கோப்பை என் கணினிக்கு இறக்கி, சாதாரணத் தொகுப்பானில் திருத்தி, ஒருமுறை உரக்க வாசித்த பின்னரே மீள அனுப்புகிறேன்.