சத்தம் போடாத நோய்

யாழ்ப்பாணத்தின் மனநோய் வரலாற்றைப் போரிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. 1987 ஒக்டோபரில் போதனா வைத்தியசாலைக்குள் நடந்த கொலைகளையும் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் பகுதி மக்கள் ஊரோடு பெயர்ந்து நடந்ததையும் நினைத்தால் அதில் நியாயம் உண்டுதான். ஆனால் மனச்சோர்வு அதற்கும் முந்தியது. 1926இல் கொழும்பை அண்டிய அங்கொடையில் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்ட பிறகு, குடாநாட்டிலிருந்து ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் தாண்டி அங்கே கொண்டுபோகப்பட்டவர் யார்? அடித்து உடைத்தவர், தெருவில் இறங்கி ஓடியவர். ஊர் ‘விசர்’ என்று சொன்னவர். சமைக்க மனமின்றி, உறக்கமின்றி, சுவரைப் பார்த்தபடி கிடந்தவளை யாரும் ரயில் ஏற்றவில்லை. பிறருக்குத் தொல்லை தந்ததையே நாம் நோயாகக் கண்டோம்.

பிறகு தெல்லிப்பழையில் மனநோய்ப் பிரிவும், யாழ்ப்பாணத்தில் ‘சாந்திகம்’ போன்ற உளவளத்துணை அமைப்புகளும் வந்தன. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் நின்றவர்களும் போரின் உளப் பாதிப்பைத் தமிழில் எழுதிப் பரப்பினார்கள். பெரிய பணி அது. ஆனாலும் பொதுப்பேச்சில் அதிர்ச்சிக்குக் கிடைத்த இடம் சோர்வுக்குக் கிடைக்கவில்லை. ஷெல் விழுந்த நாளைச் சொல்லிவிடலாம். சோர்வுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. போர் முடிந்த கையோடு, 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் நடந்த வீட்டுவாரி ஆய்வு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. அதில் அதிர்ச்சிக்குப் பிந்திய நெருக்கீட்டின் அறிகுறிகள் 7 வீதத்தினரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதத்தினரிடமும் காணப்பட்டன.

ஆய்வின் வினாக்கொத்தில் வந்த புள்ளி நோய்நிர்ணயம் ஆகுமா என்று கேட்பார்கள். ஆகாது. ஐந்தில் ஒருவர் நோயாளி என்று அதிலிருந்து சொல்லக்கூடாது. ஆனால் 7 வீதமும் வினாக்கொத்தில் வந்ததுதானே. ஒன்றை நம்பி மற்றதைத் தள்ளுவது எப்படி? இன்னொரு ஆட்சேபம் கனமானது: பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழாமல் என்ன செய்வாள், துக்கத்துக்கு மருந்துச் சீட்டு எழுதலாமா என்பது. துக்கம் நோயல்ல. அது அலையாக வந்து போகும். பேரப்பிள்ளை மடியில் ஏறினால் ஒரு கணம் முகம் மலரும். மனச்சோர்வில் பெரும்பாலும் அந்தக் கணமும் வருவதில்லை. குறைந்தது இரண்டு கிழமையாக, அநேகமாக நாள் முழுவதும் மனம் தாழ்ந்திருத்தல் அல்லது எதிலும் நாட்டமறுதல். கூடவே நித்திரை, பசி, கவனம் கெடுதல், உடல் அசதி, தன்மேலேயே குற்றம் சுமத்துதல், சாவை நினைத்தல். இவற்றுள் பல சேர்ந்து அன்றாட அலுவலையே முடக்கினால்தான் மருத்துவர் நோய் என்பார். அப்படி நோய் என்று சொல்வது போரின் துயரத்தை மறைத்துவிடாது. துயரத்துக்குள் கிடக்கும் நோயைப் பிரித்துக் காட்டும்.

பிரித்தறிவது எளிதல்ல என்பதும் உண்மை. வெளிநோயாளர் பிரிவில் எவரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று வந்து நிற்பதில்லை. தலையிடி, நெஞ்சு இறுக்கம், கைகால் உளைவு, இடைவிடாத பெருமூச்சு என்றுதான் சொல்வார்கள். வரிசையோ நீளம், பனடோலும் விற்றமினும் எழுதக் கணப்பொழுது போதும். அடுத்த மாதமும் அதே உளைவு, அதே குளிசை. சோதனையில் ஒன்றும் தெரியாத நோவோடு ஒருவர் திரும்பத் திரும்ப வந்தால், நித்திரை வருகிறதா, முன்பு விரும்பிச் செய்ததில் இப்போது மனம் போகிறதா, வாழவே வேண்டாம் என்று தோன்றியதா என்ற மூன்றையும் மருத்துவர் கேட்கட்டும். அவர் கேட்க மறந்தால், கூட வந்தவர் வாய்திறந்து சொல்லட்டும்.